நறுமண எண்ணெய்களை அறிந்து கையாளுதல்: யாழ்ப்பாணத்து வீடுகளுக்கான தொடக்க வழிகாட்டி

கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ விடுமுறைக்கு வரும் உறவினர்கள் கொண்டுவரும் பொருள்களுக்குள், சொக்கலேற்றுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவே, சுண்டுவிரல் அளவான கபில நிறக் கண்ணாடிப் போத்தல்கள் சில அண்மைக் காலமாக எங்கள் வீடுகளுக்கு வந்து சேர்கின்றன. லவண்டர், யூக்கலிப்டஸ், கறுவாப் பட்டை என்று அவற்றின் மேல் எழுதியிருக்கும். எவ்வளவு பாவிக்க வேண்டும், எங்கே பாவிக்கக் கூடாது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை.

எங்கள் வீட்டுக்கும் அப்படி ஒரு போத்தல் வந்தது. அம்மாவின் முழங்கால் நோவுக்கு நல்லதாக இருக்கும் என்று எண்ணி, கறுவாப் பட்டை எண்ணெயை நல்லெண்ணெய் தேய்ப்பதைப் போலவே உள்ளங்கையில் ஊற்றி நானே தேய்த்துவிட்டேன். அரை மணித்தியாலம் செல்லுமுன் தோல் சிவந்து எரியத் தொடங்கியது. மாலைக்குள் கொப்பளங்கள் எழுந்தன. அடையாளம் மறைய ஒரு மாதத்துக்கு மேல் எடுத்தது. எண்ணெய் என்ற ஒரே சொல் என் கையைப் பழகிய வழியில் இழுத்துச் சென்றுவிட்டது. இன்னொரு வீட்டில் அது நிகழக்கூடாது என்பதற்காக, படித்தும் பாவித்தும் அறிந்துகொண்டவற்றை ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

முதற்படி: இது எந்த வகை எண்ணெய் என்று தெளிதல்

எள்ளிலிருந்து எடுத்த நெய்யே எண்ணெய் ஆயிற்று. தைலம் என்ற வடசொல்லும் எள்ளைக் குறிக்கும் 'தில' என்ற சொல்லிலிருந்தே பிறந்தது. ஆகவே நாங்கள் எண்ணெய் என்று சொன்னாலும் தைலம் என்று சொன்னாலும், எங்கள் மனத்தில் நிற்பது செக்கில் ஆட்டி எடுத்த, வழுவழுப்பான, எவ்வளவு நேரம் வைத்தாலும் ஆவியாகாத ஒரு பொருள்தான். நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், வேப்பெண்ணெய், இலுப்பெண்ணெய் ஆகிய எல்லாம் இந்த இனத்தைச் சேர்ந்தவை. இவற்றை உள்ளங்கை நிறைய அள்ளித் தேய்க்கலாம்.

எசென்ஷியல் ஒயில் என்று விற்கப்படுவது இந்த இனத்தைச் சேர்ந்ததே அன்று. பூ, இலை, பட்டை, வேர், பழத்தோல் ஆகியவற்றில் மணமாக இருக்கும், எளிதில் ஆவியாகும் சேர்வைகளைப் பிரித்தெடுத்துத் திரட்டிய திரவம் அது. அப்பெயரிலுள்ள ஆங்கிலச் சொல் தாவரத்தின் சாரத்தைக் குறிக்கிறது. அதைத் தேவை என்று பிழையாக விளங்கிக்கொண்டு 'அத்தியாவசிய எண்ணெய்' என்று மொழிபெயர்ப்பவர்கள், இது நாளாந்தம் உடம்புக்கு வேண்டிய ஒன்று என்ற எண்ணத்தை வாசகருக்கு ஊட்டிவிடுகிறார்கள். இந்தக் கட்டுரையில் நறுமண எண்ணெய் என்ற சொல்லையே பயன்படுத்துகிறேன்.

வேறுபாட்டைக் கண்ணால் காண, வெள்ளைக் கடதாசி ஒன்றில் தேங்காயெண்ணெய் ஒரு துளியும், சற்றுத் தள்ளி லவண்டர் எண்ணெய் ஒரு துளியும் விட்டு, மறுநாட் காலை வரை வைத்துப் பாருங்கள். தேங்காயெண்ணெய் விழுந்த இடம் ஒளி ஊடுருவும் கறையாக அப்படியே நிற்கும். லவண்டர் விழுந்த இடம் ஏறக்குறைய வெறுமையாகிவிடும். அங்கும் பிசுபிசுப்பான வட்டம் நின்றால், அந்தப் போத்தலில் வேறேதோ எண்ணெய் கலந்திருக்கிறது என்று ஐயுறலாம். வெட்டிவேர், சந்தனம் போன்ற கனமான எண்ணெய்கள் மெதுவாகவே ஆவியாகும் என்பதால், அவற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

இரண்டாம் படி: எங்கிருந்து, எவ்வாறு கிடைக்கிறது என்று அறிதல்

பனங்கள்ளிலிருந்து சாராயம் வடிக்கும் முறையைத் திக்கம் வடிசாலையைக் கொண்டு அறிந்திருக்கும் எங்களுக்கு, நறுமண எண்ணெய் எடுக்கும் முறை புதியதாக இராது. மூடிய கொள்கலத்தில் இலையையோ பூவையோ அடைத்து, அதனூடே கொதிநீராவியைச் செலுத்தினால், ஆவி போகும் வழியில் மணச் சேர்வைகளையும் அள்ளிக்கொண்டு போகிறது. குளிர்ந்த குழாயினுள் அந்த ஆவி மீண்டும் நீராகும்போது, நீருடன் கலவாத எண்ணெய் மேலே தனிப்படையாக மிதக்கிறது. கராம்பு எண்ணெய் நீரிலும் கனமானது. ஆகவே அது அடியில் தங்கும். எண்ணெயை நீக்கிய பின் எஞ்சும் மண நீரும் வீண்போவதில்லை. கல்யாண வாசலில் பன்னீர்ச் செம்பால் எங்கள் மேல் தெளிக்கப்படும் பன்னீர், அது உண்மையான பன்னீராக இருந்தால், றோசாப் பூவை வடித்து எடுத்த நீரேயாகும்.

ஒரு கிலோகிராம் றோசா எண்ணெய் எடுக்க 3 முதல் 5 தொன் வரை இதழ்கள் வேண்டும். இந்தக் கணக்கை மனத்தில் வைத்திருந்தால், ஒரு துளி எவ்வளவு செறிவானது என்பதும், மலிவு விலையில் விற்கப்படும் 'றோசா எண்ணெய்' எதுவாக இருக்கும் என்பதும் ஒருங்கே விளங்கும். மல்லிகைக்கு நீராவியின் வெம்மை ஒத்துவராது. அதன் மணத்தைக் கரைப்பான் கொண்டே பிரிப்பார்கள். தோடை, தேசி முதலியவற்றின் எண்ணெயைப் பெரும்பாலும் பழத்தோலைப் பிழிந்தே எடுப்பார்கள்; தேசியெண்ணெயை வடித்தும் எடுப்பதுண்டு. இந்த வேறுபாடு பின்னர் வெயில் பற்றிப் பேசும்போது வேண்டியிருக்கும்.

இந்த எண்ணெய்களைப் பண்டை எகிப்தியர்கள் பாவித்தார்கள் என்று விற்பனைத் தாள்களில் எழுதுவதுண்டு. அவர்கள் பாவித்தவை பெரும்பாலும் கொழுப்பிலும் எண்ணெயிலும் பூக்களை ஊறவைத்து எடுத்த மணத் தைலங்களும், பிசின்களை எரித்த புகையுமே. சங்கப் பாடல்களில் வரும் அகிற்புகையும் அரைத்த சந்தனமும் அந்த மரபைச் சேர்ந்தவை. மணப்பொருள்களைக் காய்ச்சி வடிக்கும் கலையை 9ஆம் நூற்றாண்டில் அரபு அறிஞர் அல் கிந்தி விரிவாக எழுதிவைத்தார்; 980 முதல் 1037 வரை வாழ்ந்த பாரசீக வைத்தியர் இபின் சீனாவின் பெயரும் இதனோடு இணைத்துப் பேசப்படுகிறது. நறுமண எண்ணெய்களைக் கொண்டு நலம் பேணும் முறையைக் குறிக்கும் அரோமாதெரபி என்ற பெயர் மிகவும் பிந்தியது. பிரான்சின் லியோன் நகரைச் சேர்ந்த இரசாயனவியலாளர் ரெனே மொரிஸ் கத்தேபோசே 1937 இல் வெளியிட்ட நூலுக்கு அந்தப் பெயரை இட்டார். 1910 இல் ஆய்வுகூட வெடிப்பொன்றில் எரிந்த கையை லவண்டர்த் தொட்டியில் தற்செயலாக அமிழ்த்தியதும் அது குணமாயிற்று என்று பரவியிருப்பது கட்டிச் சொன்ன கதை. காயத்தில் அழுகல் பற்றிய பின்னரே தாம் லவண்டர்ச் சாரத்தால் கழுவியதாக அவர் எழுதியிருக்கிறார். அவருக்குப் பின்னர் படை வைத்தியரான ழான் வால்னே 1964 இல் எழுதிய நூல் இத்துறையைப் பரவச் செய்தது.

எங்கள் தீவின் பங்கும் இதில் பெரிது. தெற்கே காலி, மாத்தறைப் பக்கத்து ஈரமண்ணில் வளரும் கறுவா மரம் ஒன்றே போதுமான பாடம் சொல்லும்: அதன் இலையிலிருந்து வரும் எண்ணெயில் கராம்பிலுள்ள இயூஜினோல் மிகுந்திருக்கும், பட்டையிலிருந்து வருவதில் தோலை எரிக்கும் சின்னமல்டிகைட் மிகுந்திருக்கும், வேர்ப்பட்டை எண்ணெயிலோ கற்பூரம் மிகுந்திருக்கும். ஒரே மரம், மூன்று எண்ணெய்கள், மூன்று குணங்கள். நான் அம்மாவின் காலில் தேய்த்தது இவற்றுள் நடுவில் உள்ளது. சிட்ரொனெல்லா எண்ணெயில் 'இலங்கை வகை' என்று உலகச் சந்தையில் இன்றும் ஒரு வகைக்குப் பெயர் இருக்கிறது. அது அம்பாந்தோட்டை, மாத்தறை மாவட்டங்களில் வளர்ந்த புல்லிலிருந்து வந்தது.

மூன்றாம் படி: மூன்று போத்தலுடன் தொடங்குதல்

பன்னிரண்டு போத்தல்கள் அடுக்கிய பெட்டியை வாங்க வேண்டாம். தொடங்குபவருக்கு லவண்டர், யூக்கலிப்டஸ், வெட்டிவேர் ஆகிய மூன்றும் போதுமானவை. முதலாவது மென்மையானது, இரண்டாவது தடிமன் காலத்தில் உதவுவது, மூன்றாவதன் மணம் எங்கள் மூக்குக்குப் பழகியது, கோடை நாட்களில் மண்பானை நீரில் வெட்டிவேர் போட்டுக் குடித்தவர்கள் அதைத் திறந்த உடனேயே அறிந்துகொள்வார்கள்.

வாங்கும்போது பெயர்ச்சீட்டை வாசியுங்கள். தாவரத்தின் விஞ்ஞானப் பெயர், எந்தப் பாகத்திலிருந்து எடுக்கப்பட்டது, எந்த நாட்டில் விளைந்தது, எந்த முறையில் பிரிக்கப்பட்டது, தொகுதி எண் என்பன அதில் இருக்க வேண்டும். லவண்டர் என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. லவண்டுலா அங்குஸ்திபோலியா என்று இருக்க வேண்டும், ஏனெனில் லவண்டர்ச் சாதியிலேயே கற்பூரம் மிகுந்த வேறு வகைகளும் உண்டு. 'பிராக்ரன்ஸ் ஒயில்' என்று எழுதியிருப்பது பெரும்பாலும் செயற்கை மணக்கலவை. வீட்டுக்கு வாசம் ஊட்ட அது போதும், உடம்புக்கு ஆகாது. ஒரு கடையில் சந்தனமும் றோசாவும் யூக்கலிப்டசும் ஒரே விலைக்கு இருந்தால், அங்கே எதையும் வாங்காமல் திரும்பிவிடலாம். துளி துளியாக விழச் செய்யும் உள்மூடி இல்லாத போத்தலையும் சிறுவர் உள்ள வீட்டுக்கு வாங்க வேண்டாம்.

நான்காம் படி: கலத்தல்

கட்டுரை முழுவதையும் மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நறுமண எண்ணெயைக் கலக்காமல் தோலில் பூசக் கூடாது. செக்கெண்ணெய் ஒன்றில் கலந்தே பூச வேண்டும். ஏறத்தாழ 20 துளிகள் சேர்ந்தால் 1 மில்லிலீற்றர் ஆகும் என்பதால், கணக்கு இலகுவானது: ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலீற்றர் தேங்காயெண்ணெய்க்கு ஒரு துளி சேர்த்தால் அது 1 சதவீதக் கலவை. வளர்ந்தவர்களின் உடம்புக்கு இந்த அளவே தொடக்கத்தில் போதும். பழகிய பின் 2 சதவீதம் வரை போகலாம். முகத்துக்குத் தொடக்க அளவில் அரைவாசி, அதாவது இரண்டு தேக்கரண்டிக்கு ஒரு துளி. வெவ்வேறு எண்ணெய்களைச் சேர்த்தாலும் மொத்தத் துளிகளையே எண்ண வேண்டும். லவண்டருக்கு ஒரு துளி, வெட்டிவேருக்கு ஒரு துளி என்று தனித்தனியே கணக்கு வைத்தால் செறிவு இரட்டிப்பாகிவிடும்.

எதில் கலப்பது என்றால், எங்கள் நல்லெண்ணெய்க்கு அதன் சொந்த மணம் வலிது. லவண்டரின் மென்மணத்தை அது விழுங்கிவிடும். வெட்டிவேர் அதனோடு நன்றாக இசையும். மணம் குறைந்த தேங்காயெண்ணெய் எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஆமணக்கெண்ணெய் மிகவும் தடிப்பானது, தனியாக வேண்டாம்.

கலந்ததை முதலில் முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு காசளவு பூசி, 24 மணித்தியாலம் நீர் படாமல் விட்டுப் பாருங்கள். சிவப்போ கடியோ எரிவோ இல்லையென்றால் பாவிக்கலாம். கறுவாப் பட்டை எண்ணெயைப் புதியவர்கள் எந்த அளவிலும் தோலுக்கு எடுக்கவே வேண்டாம். பிழிந்து எடுத்த தேசியெண்ணெயும், பெர்கமொட் என்ற தோடையினப் பழத்தின் எண்ணெயும் பூசிக்கொண்டு எங்கள் நண்பகல் வெயிலில் இறங்கினால், அவற்றிலுள்ள சேர்வைகள் சூரிய ஒளியுடன் சேர்ந்து தோலைச் சுட்டுக் கருமையாக்கிவிடும். நீராவியில் வடித்த தேசியெண்ணெயில் அந்தச் சேர்வைகள் இல்லாததால் அந்த ஆபத்து இல்லை.

ஐந்தாம் படி: பயன்படுத்துதல்

மிகப் பாதுகாப்பான வழி மிக எளியது. கைக்குட்டையில் ஒரு துளி லவண்டர் இட்டு, படுக்கையருகே வைத்து, அவ்வப்போது முகர்ந்தால் போதும். மணத்தை அறியும் நரம்பு, உணர்ச்சிகளையும் நினைவையும் கையாளும் மூளைப் பகுதிகளுடன் நெருங்கிய தொடர்பு கொண்டது. மணம் மனத்தை விரைவாகத் தொடுவதற்கு அதுவே காரணம். எண்ணெய் கலந்த நீரைப் புகைபோல் அறையில் பரப்பும் மின்சார டிபியூசர் வைத்திருப்பவர்கள் 100 மில்லிலீற்றர் நீருக்கு 3 துளிகளுடன் தொடங்கி, யன்னலைத் திறந்துவைத்து, அரை மணித்தியாலம் ஓடவிட்டு நிறுத்துங்கள். சாம்பிராணித் தட்டத்துத் தணலிலோ விளக்குத் திரியிலோ இந்த எண்ணெயைச் சொட்டக் கூடாது. இது தீப்பற்றும் பொருள்.

எண்ணெய் தேய்த்து அரப்பு வைத்து முழுகும் வழக்கம் எங்களில் இன்னும் அற்றுப்போகவில்லை. முழுக்குக்கு எடுக்கும் மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெயில், அதாவது 45 மில்லிலீற்றரில், 6 துளி வெட்டிவேர் எண்ணெய் கலந்து தேய்த்துக்கொள்வது எனக்கு மிகவும் பிடித்த பயன்பாடு. செறிவு 1 சதவீதத்துக்கும் குறைவு. மணம் மாலை வரை நிற்கும். ஆனால் முழுகும் வாளித் தண்ணீரில் நேராகத் துளிகளை விடக் கூடாது. எண்ணெய் நீரில் கலவாது மிதந்து, செறிவு குறையாமலே தோலில் ஒட்டும்.

தடிமனுக்கு வேது பிடிக்கும்போது நொச்சியிலையும் தேசியிலையும் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். இலைகளிலுள்ள மண எண்ணெய் கொதிநீரில் சிறிது சிறிதாக வெளிப்படுவதால் அது பெரும்பாலும் மென்மையாக இருக்கும். யூக்கலிப்டஸ் எண்ணெய் சேர்ப்பதானால், ஒரு கிண்ணம் நீருக்கு ஒரேயொரு துளி, கண்களை மூடி, சில நிமிடங்கள் மட்டும். பிள்ளைகளுக்கு இதைச் செய்யவே வேண்டாம். கொதிநீர் கவிழ்வதும் ஆபத்து, எண்ணெயின் ஆவியும் ஆபத்து.

நுளம்பு பற்றித் தெளிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது. சிட்ரொனெல்லா நுளம்பை விரட்டும் என்பது உண்மை. ஆனால் அது விரைவில் ஆவியாகிவிடுவதால், பூசிய பின் 2 மணித்தியாலத்துக்கு மேல் காவல் நிற்பது அரிது. மாரி தொடங்கி டெங்கு பரவும் மாதங்களில் இதை நம்பிப் பிள்ளையைப் பகலில் நுளம்பிடம் விட்டுவிடாதீர்கள். சிரட்டையும் பூச்சாடித் தட்டும் நீர் தேங்காமல் பார்ப்பதும், வலையும், பாமசியில் விற்கும் தரமான பூச்சும் அந்த இடத்தை நிரப்ப வேண்டும்.

நோய் தீர்க்கும் என்ற பேச்சுக்கு வருகிறேன். பதற்றத்தைத் தணிப்பது, குமட்டலைச் சற்றுக் குறைப்பது, நித்திரைக்கு மனத்தை ஆயத்தப்படுத்துவது ஆகியவற்றில் இந்த மணங்கள் சிலருக்கு உதவுகின்றன. 5 சதவீதத் தேயிலைமர எண்ணெய் முகப்பருவைக் குறைப்பதாக ஆய்வுகள் உண்டு; அந்த மரம் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்தது, எங்கள் மலையகத் தேயிலையுடன் அதற்கு உறவில்லை. பல் வைத்தியர்கள் கராம்பு எண்ணெயிலுள்ள இயூஜினோலைத் தற்காலிகப் பல்லடைப்பில் சேர்க்கிறார்கள். இவற்றுக்கு அப்பால் நீரிழிவையும் புற்றுநோயையும் மாற்றும் என்று சொல்பவர்களை நம்பி மருந்தை நிறுத்த வேண்டாம். சித்த வைத்திய முறையில் தைலம் வேண்டுமென்றால், கைதடிச் சித்த போதனா வைத்தியசாலையில் பயின்றவர்களிடம் கேட்கலாம். அவர்கள் தரும் தைலம் வேறு, இந்தப் போத்தல் வேறு என்பதை நினைவில் வைத்திருங்கள்.

ஆறாம் படி: விலக்க வேண்டியவர்கள், விலக்க வேண்டியவை

எந்த நறுமண எண்ணெயையும் விழுங்கக் கூடாது. 'இயற்கையானது, தேநீரில் ஒரு துளி விடலாம்' என்று இணையத்தில் வரும் அறிவுரையை முற்றாக ஒதுக்குங்கள். சில மில்லிலீற்றர் யூக்கலிப்டஸ் எண்ணெயே சிறு பிள்ளைக்கு வலிப்பையும் மயக்கத்தையும் உண்டாக்கவல்லது. நோவுத் தைலங்களில் மணக்கும் வின்டர்கிறீன் எண்ணெயின் ஒரு தேக்கரண்டி ஏறத்தாழ 7 கிராம் அஸ்பிரினுக்கு ஒப்பானது.

இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் தோலில் எதுவும் பூச வேண்டாம். பத்து வயது வரை யூக்கலிப்டஸ், புதினா, கற்பூரம் ஆகியவற்றின் எண்ணெய்களை முகத்துக்கும் மூக்குக்கும் அண்மையில் கொண்டுபோக வேண்டாம். தடிமன் பிடித்த குழந்தையின் நெஞ்சில் கற்பூரத்தைச் சூடான எண்ணெயில் கரைத்துத் தடவும் பழைய கைமருந்தையும், அன்போடு செய்யப்படுவது என்றாலும், விட்டுவிட வேண்டும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், வலிப்பு உள்ளவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். வீட்டில் பூனை இருந்தால் டிபியூசர் ஓடும் அறையிலிருந்து அது வெளியேற வழி இருக்க வேண்டும்; இச்சேர்வைகளை உடைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்குக் குறைவு.

யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள், எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். போத்தலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்; வாகனம் இல்லையென்றால் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழைக்கலாம். கண்ணில் பட்டால் ஓடும் நீரில் நெடுநேரம் கழுவி, பின்னர் வைத்தியரிடம் காட்டுங்கள். தோலில் எரிந்தால் முதலில் தேங்காயெண்ணெய் தோய்த்த துணியால் ஒற்றித் துடைத்து, அதன்பின் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். அன்று நான் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டு நின்றேன். அது எண்ணெயை அகற்றவில்லை.

ஏழாம் படி: வைத்திருத்தலும் அகற்றுதலும்

வெப்பம், ஒளி, காற்று ஆகிய மூன்றும் இந்த எண்ணெய்களைக் கெடுக்கும். தகரக் கூரையின் கீழுள்ள தட்டிலோ வெயிலில் நிற்கும் வாகனத்திலோ வைக்காமல், மூடியை இறுக்கி, குளிர்சாதனப் பெட்டியின் கதவுத் தட்டில் தனிப் பெட்டியொன்றினுள், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் போத்தலுக்கு மாற்ற வேண்டாம். திறந்த திகதியைப் பெயர்ச்சீட்டில் எழுதுங்கள். பழத்தோல் எண்ணெய்களை ஓராண்டுக்குள்ளும் லவண்டரை இரண்டாண்டுக்குள்ளும் முடித்துவிடுவது நல்லது. பழசான லவண்டர் காற்றுடன் சேர்ந்து மாறி, முன்பு ஒன்றும் செய்யாத தோலிலும் ஒவ்வாமையை உண்டாக்கலாம். வெட்டிவேர் பல ஆண்டுகள் நிற்கும், மணமும் முதிரும்.

காலம் கடந்த எண்ணெயைக் கிணற்றடியிலோ வளவிலோ ஊற்றாதீர்கள். குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலம் மேலே விழுவதை விரைவாகக் கீழே இறக்கிவிடும்; அந்த நீரைத்தான் நாங்கள் குடிக்கிறோம். மரத்தூளிலோ மணலிலோ ஊறவைத்து, பையில் இறுகக் கட்டி, குப்பை ஏற்ற வரும் வண்டியில் கொடுத்துவிடுங்கள்.